ரெக்கைக்காரி மார்க்

குர்லா டெர்மினஸில் இறங்கியபோது என் பெட்டியில் நாலு சட்டை, ரெண்டு வேட்டி, ஒரு பூதக்கண்ணாடி, துணியில் சுருட்டிய செதுக்குளிகள், என் மகளின் கைப்பை ஆகியவை இருந்தன. கைப்பையை மகளிடம் கேட்டு எடுத்து வரவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவள் அம்மா காதுக்குப் போகும், அங்கிருந்து தெருவுக்கே போகும். பதக்கம் சேர்க்கிறவனுக்கு வாய் அடங்கியிருக்க வேண்டும். முப்பது வருஷமாக நான் விடாமல் கடைப்பிடிக்கிற விரதம் அது ஒன்றுதான்.

எல்லாப் பதக்கங்களையும் நான் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்தில் பாரிஸ், லண்டன், சிகாகோ என்று பெரிய ஊர்களில் உலகக் கண்காட்சி நடத்துவார்கள். நாடு நாடாகச் சரக்கு வந்து குவியும். நல்ல சரக்குக்குப் பதக்கம் கொடுப்பார்கள். சில பதக்கங்களின் பின்பக்கம் சின்னப் பலகை மாதிரி ஓர் இடம் விட்டு, பரிசு பெற்றவர் பெயரை அதில் பதித்திருப்பார்கள். அந்தப் பலகையில் நம்மூர்க்காரர் பெயர் இருந்தால்தான் எனக்கு அது வேண்டும். இத்தனை வருஷத்தில் இரண்டுதான் கிடைத்தன. ஒன்று சிகாகோவில் பரிசு வாங்கிய திருச்சிச் சுருட்டு வியாபாரியுடையது, மற்றது பாரிஸில் பரிசு வாங்கிய நீலகிரிக் காப்பித் தோட்டக்காரருடையது. இரண்டையும் வைக்கத் தேக்கில் ஒரு தட்டு கடைந்தேன். கடைகிறபோது கை தானாக, பாரிஸ் பதக்க அளவிலேயே, மூன்றாவதாக ஒரு குழியும் போட்டுவிட்டது. மூன்றாவது குழி பதினாலு வருஷமாகக் காலியாகக் கிடந்தது.

சாவி தேடுவதற்காக மகளின் கைப்பையைத் திறந்தபோதுதான் அதன் மூடியில் இருந்த முத்திரையைப் பார்த்தேன். இறக்கை விரித்த பெண் ஒருத்தி ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கிறாள். 1900இல் பாரிஸில் நடந்த கண்காட்சியின் பதக்கத்தில் இருப்பவள் அவள்தான், சந்தேகமில்லை. தோலில் அழுத்தியதால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறியிருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று படித்தேன். பலகையில் மங்கலாக 'சுலைமான், மெட்ராஸ்' என்று இருந்தது. பாத்ரூமில் கைப்பையோடு என்ன வேலை என்று என் வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். பைக்குள் தைத்திருந்த துணித்துண்டில் தாராவி என்று ஊர் பெயர் இருந்தது. யாரோ ஒருவர் உண்மையான பதக்கத்தையே அச்சாக வைத்துத் தோலில் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தங்கியது செம்பூரில், சங்கரன் வீட்டில். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், ஓர் ஆலை ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் பதக்கம் சேர்ப்பவர், அதனால்தான் பழக்கம், அதனாலேயே பயமும். ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன், கல்யாண வீடு சயானில் என்று சொல்லி வைத்தேன். "பேஷா போய்ட்டு வாங்கோ" என்றார். அவர் பார்வை திறந்திருந்த என் பெட்டியில் ஒரு நொடி கூடுதலாக நின்ற மாதிரி எனக்குப் பட்டது. கள்ளனுக்கு எல்லாரும் போலீஸ்காரராகத் தெரிவார்கள் போலிருக்கிறது.

மறுநாள் காலை செம்பூர் காம்ப் பக்கம் கூட்டிப்போய் தால் பக்வான் வாங்கிக் கொடுத்தார். அப்பளத்தைவிடத் தடிமனாக, முறுக்கைவிட மெல்லிசாக ஒரு பூரி, மேலே கடலைப்பருப்பும் புளிச்சட்னியும். சிந்திக்காரர்களின் காலைப் பலகாரம். எங்கள் கோயம்புத்தூரில் காலையில் இவ்வளவு சத்தம் போட்டுக் கடித்துச் சாப்பிட்டால் வீட்டில் பெரியவர்கள் முறைப்பார்கள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

சயானுக்குப் போவது சுலபம், குர்லாவில் வண்டி மாற வேண்டும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டி பார்த்து ஏறுங்கள் என்று சங்கரன் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு, குர்லாவில் வந்த முதல் வண்டியில் ஏறினேன். அதாவது ஏற்றப்பட்டேன். முதுகுக்குப் பின்னால் இருந்தவர் இந்தியில் "தாதர்? தாதர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கே முன்னால் நிற்கிறவர் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறார் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி இடம் மாறிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்கும் இடத்தைக் கண்டக்டரைத் தவிர யாரும் கேட்பதில்லை. நான் சயான் என்றதும் பெட்டியே சிரித்தது. "சயானைக் கையசைத்து அனுப்பிவிட்டு வாருங்கள், இது பாஸ்ட் வண்டி" என்றார் ஒருவர். தாதரில் என்னை இறக்கி, எந்தப் பிளாட்பாரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று இரண்டு பேர் வாதம் செய்தார்கள். வாதம் முடிவதற்குள் நான் திரும்பி சயான் வந்துவிட்டேன்.

சயானிலிருந்து தாராவிக்கு நடந்தே போனேன். மெயின் ரோட்டில் தோல் கடைகள் வரிசையாகக் கண்ணாடி போட்டு மினுங்கின. ஒரு கடையில் கைப்பையைக் காட்டினேன். கடைக்காரர் முத்திரையைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் நகத்தை அதன் மேல் ஒரு தடவை ஓட்டினார். "அசல்" என்றார். எந்தச் சந்து என்று வழி சொன்னார். அந்த நகத்தை நான் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது.

இரும்பு ஏணி மாதிரிப் படி. மேலே ஒரே அறை. ஈரத்தோல் வாசனையும் பசை வாசனையும் மூக்கை அடைத்தன. பட்டறைக்காரம்மா செய்யதம்மாளுக்கு ஐம்பதுக்குள் இருக்கும். தரையில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் மேலப்பாளையம் பக்கம், வாப்பா தொடங்கிய பட்டறை, அண்ணன்மார் இருவரும் வளைகுடாவுக்குப் போய்விட்டதால் இவர் நடத்துகிறார். ஓரத்தில் பழைய திருகுப் பிரஸ். அதில் தோலை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் பெயர் இசக்கி.

"வாங்க அண்ணாச்சி. மால் எடுக்க வந்தீங்களா?" என்று செய்யதம்மாள் கேட்டார். சரக்கைத்தான் அங்கே மால் என்கிறார்கள்.

ஆர்டர் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டே பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் போனேன். இரும்புக் கிண்ணத்தில் மூன்று திருகாணிகளுக்கு நடுவில் அவள் தலைகீழாகத் தொங்கினாள். பதக்கத்தின் முன்பக்கம், ஒரு பெண்ணின் முகம் இருக்க வேண்டிய பக்கம், இரும்போடு அழுந்தி அழுந்தித் தட்டையாகப் போயிருந்தது. ஓரத்தில் திருகாணித் தடம். பின்பக்கத்தில் பறக்கிறவளுக்கு மூக்கில்லை, ஓர் இறக்கையில் நடுவே இறகெல்லாம் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. பெயர்ப்பலகை மட்டும் பள்ளத்தில் இருந்ததால் பிழைத்திருந்தது. இசக்கி சக்கரத்தை ஒவ்வொரு தடவை சுழற்றும்போதும் என் விரலே நசுங்குகிற மாதிரி இருந்தது.

தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப் மூடியபோது செய்யதம்மாளின் வாப்பா இந்தப் பிரஸ்ஸை வாங்கினாராம். வாங்கும்போதே அதன் வாயில் இந்த அச்சு இருந்ததாம். அதையே மார்க்காக வைத்துக்கொண்டார்கள். மார்க்கெட்டில் ரெக்கைக்காரி மார்க் என்றால் இவர்கள்தான். இதெல்லாம் செய்யதம்மாள் வெட்டிக்கொண்டே சொன்னார். அச்சு எது, எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அது தேய்ந்துகொண்டே போவது மட்டும் தெரிந்திருந்தது, அதுதான் அவர் கவலையும்.

நான் பம்புசெட் கம்பெனிகளுக்குப் பேட்டர்ன் செய்தவன். வார்ப்படத்துக்கு முதலில் ஓர் அச்சு மாதிரி வேண்டும், அதை மரத்திலும் பித்தளையிலும் செதுக்கிக் கொடுப்பது என் தொழில். ஆகவே சொன்னேன்: இதே மாதிரிப் புது அச்சு பித்தளையில் செய்து தருகிறேன், காசு வேண்டாம், பழையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்.

செய்யதம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "தேஞ்ச அச்சு ஒங்களுக்கு எதுக்கு?"

"பழசு மேல ஒரு ஆசைங்க, அம்மணி."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்த நிமிஷம் அது போதும் என்று இருந்தது. அவர் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "அப்பிடியே வேணும் அண்ணாச்சி. ஒரு இம்மி மாறக் கூடாது" என்றார். பிறகு சாப்பிடாமல் போகக் கூடாது என்று தேங்காய்ச் சோறும் கறியும் வரவழைத்தார். மூன்று தட்டு. இசக்கிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அடுத்த இரண்டு நாள் வேலை நன்றாக நடந்தது. பல் டாக்டர்கள் அச்செடுக்கிற பசையில் பதக்கத்தைப் படியெடுத்தேன். குர்லாவில் ஒரு கடையில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பித்தளையில் வெட்டிக் கொடுத்தார்கள். மெஷின் வெட்டினது தேய்மானத்தோடு அப்படியே வந்திருந்தது: மூக்கில்லை, இறக்கையில் வழுக்கை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மழுங்கின பேட்டர்னை நான் வாழ்க்கையில் யாருக்கும் கொடுத்ததில்லை. 'அப்படியே' என்றால் அது பிறந்தபோது இருந்தபடி என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

சங்கரன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, தேயாத பாரிஸ் பதக்கத்தின் படத்தை போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, உளியை எடுத்தேன். மூக்கு வந்தது. கண் வந்தது. வழுக்கையில் ஒவ்வோர் இறகாக முளைத்தது. ரிட்டயரான பிறகு கை இவ்வளவு சொன்னபடி கேட்டது அன்றைக்குத்தான். சங்கரன் காப்பி கொண்டுவந்து வைத்தார், தரையில் கிடந்த பித்தளைத் தூளைப் பார்த்தார். கல்யாணப் பரிசு என்றேன். "ரொம்ப விசேஷமான கல்யாணம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை புது அச்சோடு தாராவிக்குப் போனால் செய்யதம்மாள் இல்லை. கோவண்டியில் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, திங்கட்கிழமைதான் வருவார் என்றார் இசக்கி. திங்கட்கிழமையே உல்லாஸ்நகர் சேட்டு இருநூறு பை எடுக்க வருகிறார். மூடித்தோல் எல்லாம் வெட்டித் தயாராக இருந்தது, முத்திரை போட்டுத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. புது அச்சைப் பிரஸ்ஸில் மாட்டி ஒரு துண்டில் அடித்துப் பார்த்தோம். இசக்கி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் வேற மாதிரி இருக்கே, அண்ணாச்சி."

"புதுசுன்னா அப்படித்தானுங்க இருக்கும்."

அவர் செய்யதம்மாளுக்கு போன் போட்டு என்னிடம் கொடுத்தார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அப்படியே இருக்கிறதா என்று கேட்டார். அதைவிட நன்றாகவே இருக்கிறது என்றேன். அவர் சிரித்து, அப்படியானால் எல்லாவற்றையும் அதிலேயே போடச் சொல்லுங்கள், பழையது உங்களிடமே இருக்கட்டும் என்றார். இசக்கி கழற்றிய பதக்கத்தைப் பழைய துணியில் சுற்றி என் கையில் வைத்தார். அது இன்னும் பிரஸ்ஸின் எண்ணெயோடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குச் சாப்பிடப் போனோம். இலைபோட்ட சாப்பாட்டுக்கு வரிசை தெரு வரைக்கும் நின்றது. பக்கத்துக் கடையில் வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் எங்கள் ஊரைவிடப் புதுசாக இருந்தன. முன்னால் நின்ற ஒரு குடும்பத்தில் பாட்டனார் தமிழில் கேட்டதற்குப் பேத்தி இந்தியில் பதில் சொன்னாள், இரண்டு பேருக்கும் அதில் எந்தச் சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. சட்டைப்பையில் பதக்கம் கனத்தது. ரசம் ஊற்றும்போதும் ஒரு கையால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது குழி நிறைந்துவிட்டது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு சாப்பாடு சாப்பிட்டதாக நினைவில்லை, என் கல்யாணச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை, அச்சில் ஏதாவது திருத்த வேண்டி வந்தால் என்று உளிகளையும் எடுத்துக்கொண்டு, விடைபெறுவதற்காகத் தாராவிக்குப் போனேன். பைகள் பக்கத்துச் சந்துத் தையல்காரர்களிடம் போய்த் தைத்து முடிந்து மூட்டையாக இருந்தன. செய்யதம்மாள் அப்போதுதான் கோவண்டியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். முத்திரையைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் சேட்டு படியேறி வந்துவிட்டார். பெரிய உடம்பு, மூச்சு வாங்கினார். ஒரு பையை எடுத்து மடியில் வைத்து, முத்திரையைப் பார்க்காமல், கட்டைவிரல் நகத்தை இறக்கை மேல் ஓட்டினார்.

நகம் நின்றது. திரும்ப ஓட்டினார். இன்னொரு பை. இன்னொன்று.

"இது போலி. உன் பட்டறையிலேயே போலி அடிக்க ஆரம்பித்துவிட்டாயா?" என்று இந்தியில் கேட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் மோசமாக இருந்தது.

செய்யதம்மாள் பையைப் பிடுங்கித் தானும் நகத்தை ஓட்டினார். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ரெக்கைக்காரி மார்க்கைப் பார்த்துக் காப்பியடிக்கிறவர்கள் தாராவியில் பலர். அவர்களுடைய ரெக்கைக்காரிக்கெல்லாம் இறகு முழுசாக இருக்கும். அசலில் நகம் இறகு இறகாகக் கரகரவென்று போய், நடுவே ஓர் இடத்தில் வழுக்கி, மறுபடி கரகரக்கும். அந்த வழுக்கல்தான் அவர்கள் பெயர். இருட்டுக் குடோனில்கூட நகத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வழுக்கலைத்தான் நான் பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வோர் இறகாக நிரப்பியிருந்தேன்.

சேட்டு எழுந்தார். இனி இந்தச் சரக்கை எடுத்தால் தன் கடைகளில் தனக்கும் பெயர் கெட்டுவிடும், இதோடு போதும் என்றார். வாப்பா காலத்திலிருந்து எடுக்கிற பார்ட்டி என்று இசக்கி என் காதருகே முணுமுணுத்தார். செய்யதம்மாள் என்னைப் பார்த்தார். திட்டுவதற்காகப் பார்க்கவில்லை, ஏதாவது சொல்லமாட்டேனா என்று பார்த்தார்.

சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் சட்டைப்பையில் இருப்பது போய்விடும். படி பக்கத்தில்தான் இருந்தது, வண்டி மறுநாள், ஊர் ஆயிரம் மைலுக்கு அப்பால். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிமிஷம் அந்தப் படியைப் பார்த்தேன்.

பிறகு துணியைப் பிரித்துப் பதக்கத்தை மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் போனைத் திறந்து, தேயாத பதக்கத்தின் படத்தை வைத்தேன். புது அச்சையும் கழற்றி வைத்தேன். என் இந்தி நாலு வார்த்தைக்குமேல் போகாது, அதனால் தமிழில் சொன்னேன், இசக்கி சேட்டுக்குச் சொன்னார். இது அச்சே அல்ல. இது பாரிஸில் 1900இல் நடந்த உலகக் கண்காட்சியில் கொடுத்த பதக்கம். புதிதாக இருந்தபோது இவளுக்கு இப்படித்தான் இறகு இருந்தது. பைகளில் இருப்பது போலி அல்ல, இதே பதக்கத்திலிருந்து எடுத்தது, தேய்ந்ததை நிரப்பியது நான், யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. பலகையில் இருக்கிற பெயர் சுலைமான், மெட்ராஸ்காரர். தோலுக்காகப் பரிசு வாங்கியவராக இருக்க வேண்டும்.

சேட்டு மறுபடி உட்கார்ந்தார். பதக்கத்தில் நகத்தை ஓட்டினார், வழுக்கியது. பூதக்கண்ணாடியை வாங்கிப் படத்தையும் பையையும் பதக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இருநூறையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பாரிஸ் சமாச்சாரத்தை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு பையிலும் போட வேண்டும் என்றார். வியாபாரிக்கு மூளை எங்கேயிருந்துதான் வருகிறதோ. அதோடு நிற்காமல் பதக்கத்தையும் விலைக்குக் கேட்டார். செய்யதம்மாள் அது விற்பதற்கில்லை என்றார்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேட்டின் டெம்போ போனது.

"மொத நாளே ஒங்களுக்குத் தெரியும்" என்றார் செய்யதம்மாள்.

"தெரியுமுங்க."

"எதுக்குன்னு ஒங்கட்ட கேட்டேன்லா."

"கேட்டீங்க."

அவர் பதக்கத்தைக் கையில் எடுத்து முதல் தடவையாகப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். சுலைமான் முதலாளி என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றார். பிரஸ் வந்த தோல்ஷாப் அவர் வம்சத்தாருடையது. செய்யதம்மாளின் பாட்டனார் அங்கே தோல் ஊறப்போடுகிற தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்தவராம்.

பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், இனி இதைப் பிரஸ்ஸில் போடாதீர்கள், இது பெரிய பொருள் என்று நான் சொன்னேன். அப்போதும் எனக்குப் பதக்கத்தைப் பற்றித்தான் கவலை.

"தோலுக்குக் குடுத்த பரிசுதான அண்ணாச்சி. அது தோல் மேலதான இருந்துச்சு. நீங்கதான் எடுத்துப் பையில போட்டீங்க."

பதக்கத்தைப் பற்றி நான் படித்த எல்லாப் புத்தகங்களிலும் இந்த ஒரு வரி இல்லை.

சாப்பாடு வந்தது. அன்றைக்கும் மூன்று தட்டு. சாப்பிட்ட பிறகு, அவர் கேட்காமலே புது அச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழையதைப் பக்கத்தில் வைத்து, அதே இடத்தில், அதே அளவுக்கு, நான் செதுக்கிய இறகுகளை ஒவ்வொன்றாக வழித்தேன். மூக்கையும் எடுத்தேன். செய்ததைவிடக் கெடுப்பதற்கு அதிக நேரம் ஆயிற்று, கை கூசிக்கொண்டே இருந்தது. மத்தியானம் சாய்கிற நேரத்தில் இசக்கி ஒரு துண்டுத் தோலில் அடித்து நகத்தை ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டினார். தலையை ஆட்டினார். இனிமேல் தினசரி வேலைக்குப் புதுசு, சேட்டு மாதிரிப் பழைய பார்ட்டிகளின் சரக்குக்கு மட்டும் பழசு என்று செய்யதம்மாள் முடிவு சொன்னார். பூட்டி வைக்கிற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

நான் உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது செய்யதம்மாள் என்னை நிற்கச் சொன்னார். நல்ல தோலில் ஒரு துண்டை நனைத்து, பழைய பதக்கத்தைப் பிரஸ்ஸில் மாட்டி, இசக்கியைத் தள்ளிவிட்டுத் தானே சக்கரத்தைச் சுழற்றினார். வட்டமாக வெட்டி என் கையில் கொடுத்தார்.

"இதான் எங்க கையெழுத்து. இது ஊரெல்லாம் போவும். பேனா போவாது."

அன்று மாலை சங்கரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்கு மொதல் நாளே தெரியும் ஓய். கல்யாணத்துக்கு வர்றவன் எவன் உளி எடுத்துண்டு வருவான்?" என்றார். பிறகு ஏன் என்னைப் பின்தொடரவில்லை என்று கேட்டேன். நீங்கள் கண்டுபிடித்தது, நான் வந்து கை வைக்கலாமா என்றார். முப்பது வருஷ விரதம் எனக்கு அந்த நிமிஷம் அசிங்கமாக இருந்தது. திரும்புகிற வண்டியில் அவர் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் கர்நாடகா தாண்டும் வரைக்கும் கெடாமல் இருந்தது.

மகள் கைப்பையைத் தேடித் தேடி அலுத்திருந்தாள். திட்டு வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன், இனிமேல் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். தோல் வட்டம் மூன்றாவது குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. பாரிஸ் பதக்கத்தின் அளவுக்குத்தானே அதைக் கடைந்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிற சேகரிப்பாளர்கள் முதல் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவதைக் காட்டி இது என்ன, வெறும் தோலா என்கிறார்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள், அசல் என்று சொல்கிறேன்.